காட்டேரி கேட்ட கேள்வி

அக்கா, அந்தக் கட்டைப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கறீங்களா? நான் இந்த சீட்லதான் உக்காரணும். தியேட்டரே காலியாத்தான் இருக்கு, தெரியுது. ஆனா நடு வரிசை, நடு சீட்டு. இங்க உக்காந்தாத்தான் எல்லா ஸ்பீக்கரும் ஒழுங்காக் கேக்கும். நான் இன்னிக்குப் படம் பாக்க வரல. கேக்க வந்திருக்கேன்.

படம் போட்டா வாயை மூடிக்குவேன்னு சொல்லமாட்டேன். பேசுவேன். பேசலன்னா என்னால உக்கார முடியாது. தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன். நீங்களும் படம் பாக்க வந்த மாதிரி தெரியல. ஏசிக்குத்தானே? எதிர் காலேஜ்ல பொண்ணு பரிட்சை எழுதறாளா. மதியந்தான் விடுவாங்களா. அப்ப சரி. இந்த வெயில்ல கேட்டு வாசல்ல நிக்கறதுக்கு ரத்தக்காட்டேரியே மேல்.

நான் ப்ளஸ் ஒன்னோட நின்னுட்டேன். ஃபெயில் எல்லாம் இல்ல. நானா நின்னேன். இதச் சொன்னா எல்லாரும் ஒரு 'அடடா' போடுவாங்க. நீங்க போடல. நல்லது.

இது இங்கிலீஷ் படம், தமிழ் டப்பிங். 'ரத்தப் பனி', ரெண்டாம் பாகம். ரத்தக்காட்டேரிங்களுக்கும் ஓநாய் மனுஷங்களுக்கும் சண்டை. முதல் பாகம் பாக்கலன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. அமாவாசைக்கு இவங்க அவங்களச் சுடுவாங்க, பௌர்ணமிக்கு அவங்க இவங்களக் கடிப்பாங்க. பகல்ல ரெண்டு கூட்டமும் தூங்கும். எல்லாரும் கறுப்புத் தோல் கோட்டு போட்டிருப்பாங்க, எந்நேரமும் மழை பெய்யும். அவ்வளவுதான் கதை.

காட்டேரிக் கூட்டத்துல மிரெல்லான்னு ஒருத்தி துப்பாக்கி வெச்சுக்கிட்டு வருவா, அவதான் ஹீரோயின். ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவி ரூனா. மிரெல்லாவுக்குத் தமிழ்ல பேசறது நான். நிஜமாத்தான். என் பேரு யோகேஸ்வரி, யோகின்னுவாங்க. நம்பிக்கை இல்லையா? "வெள்ளித் தோட்டா ஒண்ணு போதும், உன் வம்சமே சாம்பல்." பாத்தீங்களா, முன்னால உக்காந்திருக்கற காலேஜ் பசங்க திரும்பறானுங்க. அவனுங்களப் பாக்காதீங்க.

ரூனாவுக்குப் பேசறது எங்கம்மா.

அதுக்குத்தான் வந்திருக்கேன். இந்தப் படத்துல ஒரு எடத்துல எங்கம்மா எனக்குப் பதில் சொல்லியிருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். வீட்டுல அவ என்கிட்டப் பேசறதில்ல. ஆடி மாசத்துலேர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. இன்னிக்கு ராத்திரி ரயில்ல கோவில்பட்டிக்குப் போறா, எங்க மாமா வீட்டோட இருந்துக்க. திரும்பி வரமாட்டா. அதையும் என்கிட்டயா சொன்னா? பக்கத்துப் போர்ஷன் மும்தாஜ் அக்காகிட்டச் சொன்னா. சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்டுச்சு.

விளம்பரந்தானே ஓடுது, முதல்லேர்ந்து சொல்றேன்.

எங்கம்மா பேரு செண்பகவல்லி. சாலிகிராமத்துல எந்த டப்பிங் ஸ்டூடியோவுல கேட்டாலும் செண்பகக்கான்னு சொல்லுவாங்க. க்ரவுட் ஆர்ட்டிஸ்ட். படத்துல கூட்டம் வரும்ல, கல்யாணம், கலவரம், பஸ் கவிழறது, அந்தச் சத்தம். நாலஞ்சு பொம்பளைங்க ஒரு மைக்கச் சுத்தி நின்னுக்கிட்டுக் கத்துவாங்க. வசனம்னு ஒண்ணும் எழுதித் தரமாட்டாங்க. வாய்க்கு வந்ததக் கத்தணும். 'ஐயோ, ஓடுங்க.' 'போலீஸக் கூப்புடுங்க.' 'கேக்க ஆளில்லையா.' நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து எங்கம்மாவுக்கு இதுதான் வேலை. அப்பாவா? நான் தொட்டில்ல கெடக்கறப்பவே போயிட்டார். எங்கயோ இருக்கார். அவர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

முதல் பாகம் தமிழுக்கு வந்தப்போ, இன்சார்ஜ் தர்மலிங்கம் சார், அதாவது எந்த மூஞ்சிக்கு எந்தக் குரல்னு முடிவு பண்றவர், அம்மாவத்தான் மிரெல்லாவுக்கு வரச்சொன்னார். ஹீரோயினுக்கு. அம்மா அன்னிக்குத் தலைக்குக் குளிச்சா. வாயில மிளகு அடக்கிக்கிட்டு வழி பூரா என்கூடக்கூடப் பேசாம வந்தா, தொண்டை கெட்டுடும்னு. எனக்கு லீவு, சும்மா கூடப் போனேன்.

அம்மா பேசினா. சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "அக்கா, குரல்ல வயசு தெரியுது. இது சின்னப் பொண்ணு"ன்னார். கதைப்படி அந்தச் சின்னப் பொண்ணுக்கு முந்நூறு வயசு. அத யாரு அவர்கிட்டச் சொல்றது.

"இன்னொரு வாட்டி பண்றேன் சார்"ன்னா அம்மா. பண்ணினா. இன்னும் மோசம். நான் சோஃபாவுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேனா, எனக்குப் பொறுக்கல. "அப்பிடி இல்லம்மா, இப்பிடி"ன்னு சொல்லிக் காட்டினேன். மைக்கு ரூம் கதவு தெறந்திருந்துச்சு.

"யாரும்மா அது? உள்ள வா"ன்னார் சார்.

நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. வான்னார், போனேன். அம்மா எந்திரிச்சு ஹெட்ஃபோனக் கழட்டி என் தலையில மாட்டி, முடி சிக்கினத எடுத்துவிட்டா. அப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்தா.

அப்புறம் ரூனாவுக்கு ஆள் கெடைக்கல. கம்பெனிக்காரங்க அவசரப்படுத்தறாங்க, அதையும் நீயே கரகரன்னு பேசிடுன்னார் சார். பேசினேன். முதல் பாகத்துல மிரெல்லாவும் ரூனாவும் ஒரு தடவகூட நேருக்கு நேர் வரமாட்டாங்க. அவ கோட்டையில, இவ காட்டுல. அதனால ரெண்டும் ஒரே தொண்டைன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியல. அதுல ரூனா ஒரு ஊருக்குள்ள பூந்துடுவா, ஜனங்க தலைதெறிக்க ஓடும். நான் உறுமறேன், எங்கம்மா க்ரவுட்ல நின்னு 'ஓடுங்க, ஓடுங்க, கதவச் சாத்துங்க'ன்னு கத்தறா. இப்ப நெனச்சாலும் சிரிப்பு வரும்.

அதுக்கப்புறம் எனக்கு வேலை மேல வேலை. ஸ்கூல விட்டேன். அன்னிக்குத்தான் சண்டை.

"படிப்ப முடிச்சிட்டுப் பேசு. மைக்கு எங்க போயிரப்போகுது?"ன்னா அம்மா.

"முடிச்சு?"

"என்னய மாதிரி ஆகாம இருப்ப."

"நான் எதுக்கு உன்ன மாதிரி ஆகறேன்? நீ இத்தன வருஷத்துல ஐயோ அம்மான்னு கத்தினதத் தவிர என்ன பண்ணியிருக்க? அத எவன் கேட்டான்?"ன்னேன்.

உண்மையத்தானே சொன்னேன். நீங்களே சொல்லுங்க, படம் பாக்கறப்போ கூட்டத்துல கத்தறவ குரல என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? இல்லல்ல. யாரும் கேக்கறதில்ல. அதச் சொன்னதுக்கு அடிக்கலாம், திட்டலாம், தட்டத் தூக்கி எறியலாம். எங்கம்மா அடுப்ப அணைச்சா. முந்தானையில கையத் துடைச்சா. அன்னிக்கு மூடின வாய்தான்.

இருங்க, ஆரம்பிச்சிடுச்சு. அந்தா, மொட்டை மாடியிலேர்ந்து குதிக்கறா பாருங்க, அது நான். "இந்த நகரம் தூங்கும்போதுதான் எனக்கு விடியும்." நல்லாருக்குல்ல? அந்த வரிய அவ்வளவு வாட்டி எடுத்தோம். சரி, இனிமே ரொம்ப நேரம் சுட்டுக்கிட்டே இருப்பாங்க. பேச்சு வராது. நான் சொல்றேன்.

ஒரே ரூம் வீடுக்கா. அதுல பேசாம இருக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆனா அவ இருக்கா. நேரத்துக்குச் சோறு வரும். துணி துவைச்சு மடிச்சு வந்துடும். தலைவலின்னு படுத்தா தைலம் பக்கத்துல இருக்கும். கேஸ் தீந்துபோச்சுன்னா வாயத் தொறந்து சொல்லமாட்டா, காலி சிலிண்டர உருட்டிட்டு வந்து என் முன்னால நிறுத்துவா. நானும் மொதல்ல பேசல. ரோஷம் எனக்கு மட்டும் இல்லாமலா போயிடும். அப்புறம் நான்தான் எறங்கி வந்தேன். "அம்மா, சோப்பு எங்க?"ன்னு கேட்டேன். சோப்ப எடுத்து நீட்டினா. "அம்மா, மழை வருது"ன்னேன். போய்த் துணிய எடுத்தா. ஒரு 'ம்' கெடையாது.

நீங்களும் அதையே கேக்கறீங்களா. மும்தாஜ் அக்காவும் கேட்டாங்க, மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடின்னு. எதுக்குச் சொல்லணும்? பொய் சொல்லியிருந்தா மன்னிப்பு கேக்கலாம். நான் பொய் சொல்லல.

இப்ப வந்துச்சே, அந்தக் குகைக்குள்ள, தோள்ல ரோமம் போட்டுக்கிட்டு, அதான் ரூனா. கேளுங்க. "பனி உருகட்டும், அப்புறம் யார் வேட்டை, யார் இரைன்னு பாக்கலாம்." எங்கம்மா. என் குரல்னு நெனச்சீங்கல்ல? எல்லாரும் அப்பிடித்தான் நெனப்பாங்க. அதுலதான் வினையே வந்துச்சு.

ரெண்டாம் பாகத்துல இவங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நிக்கறாங்க. பாதிப் படம் ரெண்டு பேரும் பேசிக்கறதுதான். ரெண்டு பேருக்கும் முதல் பாகத்துல நான் பேசித் தொலச்சிருக்கேன். சார் தலையில கைய வெச்சுக்கிட்டார். முதல்ல நானே ரெண்டையும் பேசிப் பாத்தேன். ரூனா குரல மெஷின்ல போட்டுக் கனமாக்கினாங்க. போட்டுக் கேட்டா, ஒரு பொண்ணு கெணத்துக்குள்ள எட்டிப் பாத்து தன்கூடத் தானே சண்டை போடற மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. வேற ஆளப் போட்டா, முதல் பாகம் பாத்தவங்களுக்கு ரூனா குரல் மாறிடும்.

"இவ குரல் மாதிரியே இருக்கணும், ஆனா இவளா இருக்கக்கூடாது. அப்பிடி ஆள நான் எங்கய்யா தேடுவேன்?"ன்னு சார் பொலம்பினார்.

சவுண்டு இன்ஜினியர் ரூபன் அண்ணன் தலைய நிமித்தாமலே சொன்னார். "போன்ல பேசினா இவ யாரு செண்பகக்கா யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது சார்."

ஓநாய்த் தலைவிக்குக் குரல்ல வயசு தெரிஞ்சாலும் பரவால்லன்னு சார் கூப்புட்டார், அம்மா வந்தா. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிட்டாளாம், நான் பேசறப்போ என் பொண்ணு ஸ்டூடியோவுல இருக்கக்கூடாதுன்னு. சார்தான் என்கிட்டச் சொன்னார், என்னம்மா உங்களுக்குள்ளன்னு கேட்டு.

டப்பிங்ல சண்டை சீனா இருந்தாலும் தனித்தனியாத்தான் பேசுவோம்க்கா. நான் காலைல போய் என் பங்கப் பேசிட்டு வந்துடுவேன். மதியம் அம்மா போவா. ஹெட்ஃபோன்ல என் குரலக் கேட்டுக்கிட்டே அவ பங்கப் பேசுவா. மறுநாள் நான் போனா, அவ பேசினத ரூபன் அண்ணன் என் காதுல போட்டுவிடுவார், நான் அதுக்குப் பதில் பேசணும்.

புரியுதா? வீட்டுல பேசாதவ அங்க என் காதுக்குள்ள பேசறா. "உன் எலும்ப ஒவ்வொண்ணா எண்ணி எடுப்பேண்டி, காட்டேரி." அதக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். என்னம்மா, ஏசி அதிகமா இருக்கான்னு ரூபன் அண்ணன் கேப்பார். ஆமாண்ணேன்னுவேன். அவ பேசணும்னு எனக்கு ஒண்ணும் ஏக்கம் இல்ல. ரொம்ப நாள் கேக்காத குரல் திடுதிப்புன்னு கேட்டா யாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். "திரும்பப் போடுங்கண்ணே, டைமிங் சரியாப் புடிபடல"ன்னு சொல்லிச் சொல்லி அதையே கேப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, எலும்ப எண்ணறேன்னவ ரசத்த ஊத்திட்டு டிவிப் பக்கம் திரும்பிக்குவா.

லைட்டப் போட்டுட்டாங்க. இடைவேளை. நீங்க இருங்க, நான் அந்தப் பசங்ககிட்ட ஒரு பேச்சு பேசிட்டு வந்துடறேன். ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிக்கறானுங்க, சும்மா விட்டா அந்த எடத்துலயும் கெடுத்துடுவானுங்க.

வந்துட்டேன். இந்தாங்க, பப்ஸ் சாப்புடுங்க. எனக்கு எறங்காது, உங்களுக்குத்தான் வாங்கினேன்.

பேசினேன். "அண்ணா, கடைசில ஒரு சர்ச்சு சீன் வரும், அப்ப மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க"ன்னேன். "ஏன், முழங்கால் போட்டு ஜெபம் பண்ணப் போறியா?"ன்னு ஒருத்தன். "இல்ல, அதுல எங்கம்மா பேசுவா"ன்னேன். "எது உங்கம்மா?" "அந்த ஓநாய்." உடனே கண்ணாடி போட்டவன் ஒருத்தன், "எங்க வீட்லயும் அதேதாம்மா"ன்னான். எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, என்ன பண்றது. அப்புறம் அந்தக் கண்ணாடிக்காரன், "சரி, பாக்கறோம், போ"ன்னான். பாக்கறோம்னா என்ன அர்த்தமோ.

சரி, அந்த எடத்தச் சொல்லிடறேன், இல்லன்னா வர்றப்போ உங்களுக்குப் புரியாது.

இடிஞ்ச சர்ச்சு. மிரெல்லா துப்பாக்கியில குண்டு தீந்துபோச்சு. கீழ விழுந்து உக்காந்திருக்கா. ரூனா முழு ஓநாயா மாறி அவ முன்னால நிக்கறா. கேமரா மிரெல்லாவுக்குப் பின்னாடி. அவ மூஞ்சி தெரியாது, தலையும் முதுகும்தான். இங்கிலீஷ்ல அந்த எடத்துல பேச்சே இல்ல, மழைச் சத்தம் மட்டும். எங்க வேலையில அதுக்கு பேக் ஷாட்டுன்னு பேரு. வாய் அசையறது தெரியாதுல்ல, அதனால என்ன வேணா போட்டுக்கலாம். அந்த மாதிரி எடத்த நாங்க சும்மா விடறதே இல்ல. ஒரு 'அடப்பாவி'யாவது போட்டுடுவோம். ரூனாவுக்கும் அங்க வசதிதான், ஓநாய் மூஞ்சிக்கு ஏது உதடு. எங்கம்மா நெனச்சா அங்க நின்னு ஊர்க்கதை பூரா பேசலாம்.

"யோகி, அங்க ஏதாவது போடு. நக்கலா இருக்கட்டும்"னார் சார்.

அன்னிக்குக் காலைலதான் சுவர் வழியா கோவில்பட்டி சேதி கேட்டிருந்தேன். மும்தாஜ் அக்கா, பொண்ணத் தனியா விட்டுட்டா போறீங்கன்னு கேட்டாங்க. "அவளுக்கு நான் எதுக்கு?"ன்னா அம்மா. அழுதுக்கிட்டு எல்லாம் சொல்லல. அரிசி என்ன வெலன்னு கேக்கற மாதிரி சொன்னா.

அதோடதான் மைக்கு முன்னால நின்னேன். மனசுல என்னென்னமோ இருந்துச்சு. போகாதன்னு சொல்லலாம். நீ போனா நான் அந்த ரூம்ல எப்பிடி இருப்பேன்னு கேக்கலாம். எதுவும் படத்துக்குப் பொருந்தாது. செவப்பு லைட்டு எரிஞ்சுடுச்சு. காதுல மழை கேக்குது. ஓநாய் மூச்சு வாங்கறது கேக்குது, இங்கிலீஷ்காரியோடது. என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

"சாப்டியா?"

சிரிங்க, பரவால்ல. சாரும் சிரிச்சார். நாற்காலியோட பின்னால சாஞ்சு சிரிச்சார். "காட்டேரி ஓநாயப் பாத்து சாப்டியான்னு கேக்குது. தியேட்டர் கிழியும். வெச்சுக்கோ, வெச்சுக்கோ"ன்னார். ரூபன் அண்ணன் மட்டும் சிரிக்கல. "இன்னொன்னு எடுக்கலாமா?"ன்னு மெதுவாக் கேட்டார். வேண்டாம்ணேன்னுட்டேன்.

மதியம் அம்மா போயிருப்பா. ஹெட்ஃபோன்ல அதக் கேட்டிருப்பா. அதுக்கு என்ன சொன்னாங்கறதுதான் எனக்குத் தெரியாது. என் பங்கு அன்னிக்கோட முடிஞ்சுபோச்சு, மறுநாள் எனக்கு அங்க வேலை இல்ல. ரூபன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். "ஒருத்தர் பேசினத இன்னொருத்தர்கிட்டச் சொன்னா நான் இந்த நாற்காலியில உக்கார முடியாதும்மா. படம் வரும்ல, பாத்துக்கோ"ன்னுட்டார். ஒண்ணே ஒண்ணு சொன்னார். மறுநாள் அம்மா க்ரவுட்டுக்கும் வந்து நின்னாளாம். பாருங்க, ஓநாய்த் தலைவிக்குப் பேசினவ, திரும்பப் போய் நாலு பேரோட ஒரு மைக்க வளைச்சுக்கிட்டுக் கத்தியிருக்கா. அவளுக்குத் தன் மதிப்பே தெரியாது. எனக்குத்தான் கேக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நான் கேட்டதக் கேட்ட அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன பண்ணினாளா? தோசை ஊத்தினா. தட்டுல வெச்சா. நான் மூஞ்சியப் பாத்தேன். தேங்காய்ச் சட்னிய எடுத்து வெச்சா.

அதனால நான் இப்பிடி முடிவு பண்ணியிருக்கேன். சாப்டியான்னு கேட்டதுக்கு அவ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தான்னா, எழும்பூருக்குப் போவேன். பெட்டியப் புடுங்கிட்டு வருவேன். சொல்லலன்னா போகமாட்டேன். வாயே தொறக்காதவ முன்னால நான் எத்தன தடவ போய் நிக்கறது? எனக்கும் மானம் இருக்குல்ல. போகட்டும். கோவில்பட்டியிலயே இருக்கட்டும். எனக்குச் சமைக்கத் தெரியும். தெரியாது, கத்துக்குவேன்.

கை சில்லுன்னு ஆயிடுச்சு, தொட்டுப் பாருங்க. ஏசியால இல்ல.

இந்தச் சண்டை முடிஞ்சதும் அதுதான். பாலத்துலேர்ந்து விழுவா பாருங்க. விழுந்துட்டா. எந்திரிச்சு நொண்டிக்கிட்டே போறா. அதான் சர்ச்சு. துப்பாக்கியத் தூக்கறா, டக்கு டக்குன்னுது, குண்டு இல்ல. தூக்கிப் போட்டுட்டா. ரூனா வர்றா. மாறறா. அது முடியட்டும். அக்கா, கொஞ்சம் என் கையப் புடிச்சுக்கங்க. பின்னாடி வருது கேமரா. இப்ப.

...

சிரிக்கறானுங்க. எல்லாருமே சிரிக்கறாங்க. சிரிச்சுத் தொலைங்கடா, சீக்கிரம். அக்கா, பேசாதீங்க. ரூனாவக் கேளுங்க. ரூனாவ.

...

உறுமறா.

அவ்வளவுதான். உறுமிட்டா. "உன்னக் கொல்ல எனக்கு நகமே போதும்." இது ஷீட்ல எழுதியிருந்த வசனம். இது எனக்கே மனப்பாடம். எழுதிக் குடுத்ததச் சொல்லிட்டுப் போயிட்டா.

இல்லக்கா, நல்லாக் கேட்டேன். பசங்க சிரிப்பு அடங்கினப்புறந்தானே உறுமினா. அதுல வார்த்தை ஒண்ணும் இல்ல. நடுங்கின மாதிரி இருந்துச்சா? நடுங்கினா என்ன, பனியில ஓநாய் நடுங்காதா. அவ தொழில்காரிக்கா. என்ன கேட்டாலும் ஷீட்ல என்ன இருக்கோ அதத்தான் பேசுவா.

நான் எதுக்கு அதக் கேட்டேன்? மும்தாஜ் அக்கா எந்நேரமும் சொல்வாங்க, நீதான் எறங்கிப் போகணும்னு. எறங்கித்தானே போனேன். ஊர்ல இருக்கற தியேட்டர் பூரா கேக்கற மாதிரி எறங்கிப் போனேன். அதுக்கு உறுமறா. வீட்டுலயாவது சோப்ப எடுத்து நீட்டினா.

என்னால இங்க உக்கார முடியலக்கா. எங்க போறதுன்னும் தெரியல. வீட்டுக்குப் போனா கொடியில அவ புடவை இருக்காது. அந்த ரூம்ல ராத்திரி யாராவது மூச்சு விட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். பேசவேண்டாம், மூச்சு விட்டா போதும். அதக்கூட எடுத்துக்கிட்டுப் போறா. நான் அப்பிடி என்ன பண்ணிட்டேன் அவள? சொல்லுங்க. உங்க பொண்ணு உங்களுக்கு வலிக்கற மாதிரி ஒரு உண்மையச் சொன்னா, நீங்க அவள விட்டுட்டுப் போயிடுவீங்களா?

இல்ல, அழல. சளி.

நீங்க பாருங்க, முடிவப் பாத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல. நான் சும்மா உக்காந்திருக்கேன். இனிமே ஒண்ணும் இல்ல. கோட்டை எரியும். ஊர் ஜனங்க பனியில ஓடும். அதெல்லாம் க்ரவுட்டு. யாரு கேக்கப் போறாங்க.

...

அக்கா.

இப்ப கேட்டுச்சா?

அந்த வசனம் இல்ல, அதுக்குப் பின்னால. ஓடறாங்களே, அந்தக் கூட்டத்துல. இடது பக்க ஸ்பீக்கர்ல. இருங்க, பேசாதீங்க. மறுபடியும் வருது.

"ஏட்டி யோகி. யோகி. எங்கட்டி இருக்க? வந்துரு. அம்மா இங்கதான் நிக்கேன்."

கேட்டுச்சுல்ல? உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? நான் கற்பனை பண்ணிக்கல. அது கோவில்பட்டிப் பேச்சு. ஸ்டூடியோவுல அந்தப் பேச்சு வந்தா சார் கத்துவார், அதனால வாசல்ல செருப்போட அதையும் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போவா. அந்தப் பனி ஊர்ல எவளுக்குக்கா யோகின்னு பேரு இருக்கும்? முதல் பாகத்துல க்ரவுட்ல நின்னப்போ அம்மா எந்தப் பேரையும் சொல்லிக் கத்தல. எனக்குத் தெரியும், அவ கத்தினது பூரா எனக்குத் தெரியும். ஓடுங்க, கதவச் சாத்துங்க, அவ்வளவுதான். இது மறுநாள் கத்தினது. நான் கேட்டதக் கேட்டுட்டுப் போய், மறுநாள் வந்து நின்னு கத்தியிருக்கா. நாலு பொம்பளைங்க சத்தத்துக்குள்ள. சார் கவனிச்சிருக்கவே மாட்டார்.

அங்க பாருங்க, அந்தக் கண்ணாடிக்காரன் திரும்பி, யாருடா அது யோகின்னு கேக்கறான். நான்தாண்டா. நான்தான். திரும்பிப் படத்தப் பாரு.

படம் முடியல, தெரியும். யாரு ஜெயிச்சா எனக்கென்ன. ரயில் ராத்திரிதான், ஆனா எங்கம்மா மதியமே போய் பிளாட்பாரத்துல உக்காந்துடுவா, ரயில் முன்னாடியே கெளம்பிடும்னு அவளுக்கு ஒரு பயம். என்ன சொல்றதுன்னு தெரியல. ஒண்ணும் தோணல. பஸ்ல போறப்போ ஏதாவது தோணும்.

கொஞ்சம் காலை மடக்குங்கக்கா. நான் போகணும்.